1990களின் ரஷ்யா: அதிபரை வெல்ல வைத்த செல்வர்கள் ஏன் வீழ்ந்தார்கள்?

கேள்வி:
1996 ஜூலையில் போரிஸ் யெல்ட்சின் மீண்டும் அதிபரானதில் ஒரு சில பெருஞ்செல்வர்களின் பணமும் தொலைக்காட்சிகளும் பெரும் பங்கு வகித்தன. ஆனால் அவர்களுள் சிலர் பத்தாண்டுகளுக்குள் சிறையிலும் வெளிநாட்டிலும் இருந்தார்கள். ஓர் அதிபரையே வெல்ல வைக்கும் வலிமை இருந்தும் தங்கள் சொத்தைக் காத்துக்கொள்ள அவர்களால் ஏன் இயலவில்லை?

மறுமொழி 1:
அந்தச் சொத்து வந்த வழியை முதலில் பார்க்க வேண்டும். கருவூலம் வறண்டிருந்த 1995இல், வங்கி அதிபர் விளாதிமிர் பொத்தானின் முன்வைத்த திட்டத்தின்படி, அரசு தன் பெரிய நிறுவனங்களின் பங்குகளை அடகு வைத்துக் கடன் வாங்கியது. கடனை அரசு அடைக்கவில்லை. பங்குகள் கடன் கொடுத்தவர்களிடமே தங்கிவிட்டன. யார் கடன் கொடுத்துப் பங்குகளை அடகு பிடிப்பது என்பது ஏலத்தில் முடிவானது; அந்த ஏலத்தை நடத்திய வங்கிகளோ அவற்றைச் சார்ந்த நிறுவனங்களோதான் பெரும்பாலும் அதில் வென்றன. சிப்நெஃப்ட் எண்ணெய் நிறுவனத்தின் 51 விழுக்காடு ஏறத்தாழ 10 கோடி டாலருக்குப் போனது. அதன் சுமார் 73 விழுக்காட்டை 2005இல் அரசின் எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோம் வாங்கியபோது கொடுத்த விலை ஏறத்தாழ 1,300 கோடி டாலர். மாதக்கணக்கில் சம்பளம் கிடைக்காமல் தொழிலாளர்கள் தவித்த காலத்தில் நடந்த விற்பனை இது என்பதை என்னால் மறக்க முடியவில்லை.

மறுமொழி 2:
இதில் காலக்கணக்கும் உண்டு. அடகுப் பங்குகளை முழுமையாகச் சொந்தமாக்கிக்கொள்ளும் கட்டம் தேர்தலுக்குப் பிறகே வந்தது. கம்யூனிஸ்ட் வேட்பாளர் சியுகானொவ் வென்றிருந்தால் எல்லாம் பறிபோயிருக்கலாம் என்பதால், யெல்ட்சினின் வெற்றி அவர்களுக்குச் சொத்துப் பத்திரத்துக்கு நிகரானது. பெருஞ்செல்வர்களான பெரெசோவ்ஸ்கியின் செல்வாக்கில் இருந்த ஓஆர்டி தொலைக்காட்சியும் குசின்ஸ்கியின் என்டிவி தொலைக்காட்சியும் யெல்ட்சின் பக்கம் நின்றன. அந்த ஆண்டின் தொடக்கத்தில் பத்து விழுக்காட்டுக்கும் குறைவான ஆதரவோடு இருந்தவர், இரண்டாம் சுற்றில் ஏறக்குறைய 54 விழுக்காடு வாக்கு பெற்றார். ஆகஸ்டிலேயே பொத்தானின் முதல் துணைப் பிரதமரானார்.

மறுமொழி 3:
கேள்விக்கான விடை இவ்விரண்டு மறுமொழிகளிலேயே இருப்பதாகக் கருதுகிறேன். நீதிமன்றத்தையோ மக்களின் ஒப்புதலையோ நம்பாமல் ஆட்சியாளரின் தயவை மட்டுமே நம்பி நின்ற சொத்து அது. ஆள் மாறியதும் அந்தப் பாதுகாப்பும் போயிற்று. புதின் பதவியேற்ற சில வாரங்களிலேயே, 2000 ஜூனில், குசின்ஸ்கி கைதானார். 2003 அக்டோபரில் யூகோஸ் எண்ணெய் நிறுவனத்தின் தலைவர் கோதர்கோவ்ஸ்கி கைதானார். வரிப் பாக்கியைக் காட்டி 2004 டிசம்பரில் ஏலம் விடப்பட்ட அதன் முதன்மை உற்பத்திப் பிரிவு, அரசின் எண்ணெய் நிறுவனமான ரோஸ்நெஃப்ட் வசம் சென்றது. ஆனால் செல்வர்கள் அனைவரும் வீழ்ந்ததாகக் கொள்ள வேண்டாம். புதிய ஆட்சியோடு மோதாத பொத்தானின் பெருஞ்செல்வராகவே நீடித்தார். அடகுத் திட்டத்தின் அநீதிக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. அரசியலில் எதிர்த்து நின்றவர்களே குறிவைக்கப்பட்டார்கள்.