மலை ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் ஏன் தங்குவதில்லை?

கேள்வி: மலைக்காரன்
கிழக்குத் தொடர்ச்சி மலையிலுள்ள ஓர் ஊராட்சியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டடமும் மருந்தும் இருக்கின்றன. ஆனால், வருகிற மருத்துவர் ஒவ்வொருவரும் குக்கிராமங்களின் பெயர்கள் பழகுவதற்குள் போய்விடுகிறார். அடுத்தவர் வரும்வரை அடிவாரத்து மருத்துவரே கூடுதல் பொறுப்பாக வந்துபோகிறார். இத்தனை மருத்துவக் கல்லூரிகள் உள்ள தமிழ்நாட்டில் இது ஏன் தீரவில்லை? ஊரார் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?

பதில்: அரசு மருத்துவர்
மருத்துவர்களின் எண்ணிக்கை போதாததால் வந்த நிலையன்று இது. முதுநிலைப் படிப்பில் மாநிலத்துக்குரிய இடங்களில் 50 விழுக்காடு, அரசுப் பணியிலிருக்கும் மருத்துவர்களுக்கென நெடுங்காலம் ஒதுக்கப்பட்டிருந்தது. இளம் மருத்துவர்கள் சிற்றூர்களுக்கு விரும்பி வந்ததற்கு அதுவே பெரிய காரணம். மத்திய விதிகளால் அது இடையில் நின்றுபோய், கடினப் பகுதிகளில் பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணில் 10 விழுக்காடு வீதம், 30 விழுக்காடு வரை ஊக்க மதிப்பெண் என்ற முறை மட்டும் எஞ்சியது. இவ்வாறு இடம் ஒதுக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்த பிறகே பழைய ஏற்பாட்டுக்கு வழி பிறந்தது.

அதை நான் ஆதரிக்கிறேன். எனினும், மேற்படிப்பை எண்ணி வருபவர் இடம் கிடைத்ததும் போகத்தான் செய்வார். மயக்கவியல் படித்து முடித்தவருக்கு அறுவை அரங்கம் இல்லாத நிலையத்தில் வேலையும் இல்லை. அவர் வட்ட மருத்துவமனையில் இருப்பதே முறை. ஆகவே, மருத்துவரை மலைக்கு ஏற்றுகிற ஏற்பாடே அவரை இறக்கியும் விடுகிறது.

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர்
மருத்துவர் இல்லையென்றால் மறியல் நடக்கிறது. கிராம சுகாதார செவிலியர் பணியிடம் காலியாகக் கிடந்தால் ஒருவரும் கேட்பதில்லை. (எங்களைத் தடுப்பூசிக்காரர் என்று மட்டுமே எண்ணிவிட்டார்கள் போலும்.) சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும், இந்தச் செவிலியர் பணியாற்றும் துணை சுகாதார நிலையம் ஒன்று என்பது விதி. அந்த 3,000 பேரும் எத்தனை மேடுகளில் சிதறிக் கிடக்கிறார்கள் என்பது விதியில் இல்லை. ஓரிடம் காலியானால் பக்கத்துச் செவிலியர் இரண்டையும் பார்க்கிறார். தடுப்பூசிக்குக் கணக்குக் கேட்பதால் அது தவறாது, முதலில் நின்றுபோவது வீடு வீடாகப் போவதுதான். கால் வீங்கிய கர்ப்பிணிக்கு இரத்த அழுத்தம் பார்ப்பதும், சோகையுள்ளவரை நாள் நெருங்குமுன்பே பிரசவக் காத்திருப்பு அறையில் கொண்டுவந்து சேர்ப்பதும் அப்படிப் போகும்போதுதான் நடக்கும். அது நின்றுபோனால், வலி கண்டபின் 108-ஐ அழைப்பதைத் தவிர வழியில்லை. வண்டியோ சாலை முடிகிற இடம்வரைதான் வரும்.

பதில்: ஊராட்சி உறுப்பினர்
ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்கள் எவை, எவை எப்போதிலிருந்து காலி என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேளுங்கள். 30 நாட்களுக்குள் விடை தர வேண்டும். அந்த விடையை வைத்துக் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றுங்கள். வெறுமனே "மருத்துவர் வேண்டும்" என்று எழுதாமல், எந்தத் துணை நிலையம், எந்தப் பணியிடம் என்று குறிப்பிடுங்கள். செவிலியர் குடியிருப்பில் தண்ணீர் வருகிறதா என்பதையும் போய்ப் பாருங்கள். குடிநீர் வழங்குவது ஊராட்சியின் வேலை என்பதால், அதற்கு மட்டும் மேலிடத்து ஆணைக்குக் காத்திருக்கத் தேவையில்லை.