சால்வே ரெஜீனா: சொல்லுக்குச் சொல் பொருள் வேண்டும்

கேள்வி:
பாட்டியின் முப்பதாம் நாள் பூசையில் பாடற்குழுவினர் நாங்கள் 'சால்வே ரெஜீனா'வை லத்தீனில் பாடப் போகிறோம். ஜெபமாலை முடிவில் அவர் தினமும் மாதாவை நோக்கிச் சொன்ன 'கிருபை தயாபத்து' மந்திரம்தான் அது. தமிழில் எனக்கு மனப்பாடம். ஆனால் லத்தீனில் எந்தச் சொல் எதைச் சொல்கிறது என்று தெரியாமல் பாட மனம் ஒப்பவில்லை.

'சால்வே' என்றால் 'இரட்சியும்' என்றா? அடுத்து, 'இல்லோஸ் தூவோஸ் மிசெரிகோர்தேஸ் ஓகுலோஸ் ஆத் நோஸ் கொன்வெர்தே'. அகராதியில் தேடினால் 'அந்த, உமது, இரக்கமுள்ள, கண்கள்' என்று உதிரி உதிரியாகத்தான் கிடைக்கிறது. அப்புறம் தமிழ் மந்திரத்தில் வரும் 'கண்ணீர்க் கணவாய்'. "கணவாய் மீன்தானே?" என்கிறாள் மகள்.

பதில் 1:
'சால்வே' வாழ்த்துச் சொல். 'நலமாயிரும்' என்பது நேர்ப்பொருள், தமிழில் 'வாழ்க'. 'இரட்சியும்' என்பதற்கு 'சால்வா'. இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை, அதனால்தான் குழப்பம்.

கண்கள் வரிக்கு வருவோம். நாம் 'இரக்கமுள்ள கண்களை' என்று கண்ணுக்கு மட்டும் 'ஐ' போடுவோம். லத்தீனில் அடைமொழிக்கும் உருபு ஏறும். இல்லோஸ், தூவோஸ், ஓகுலோஸ் மூன்றிலும் 'ஓஸ்' இருக்கிறது பாருங்கள், அதுதான் நம் 'ஐ'. 'மிசெரிகோர்தேஸ்' வேறு வகைச் சொல் என்பதால் 'ஏஸ்' என முடிகிறது, வேலை அதேதான். நான்கும் சேர்ந்து 'உம்முடைய அந்த இரக்கமுள்ள கண்களை'. 'கொன்வெர்தே' என்றால் திருப்பும், 'ஆத் நோஸ்' எங்கள் பக்கம்.

'கிளாமாமுஸ்', 'சுஸ்பிராமுஸ்' இரண்டிலும் வரும் 'முஸ்' நம் 'ஓம்' விகுதி: கூப்பிடுகிறோம், பெருமூச்சு விடுகிறோம். இது பிடிபட்டால் பாதி ஜெபம் தானாகப் புரியும்.

பதில் 2:
மகளுக்குச் சொல்லுங்கள்: மீன் பெயரும் கணவாய்தான், இங்கே மலைகளுக்கு நடுவே போகும் வழி. லத்தீன் 'வாலே' நேராகப் பள்ளத்தாக்கு. 84ஆம் சங்கீதத்தில், பழைய தமிழ் வேதாகமத்தில், 'அழுகையின் பள்ளத்தாக்கு' என்று வருவதும் இதே சொல்தான். லத்தீன் வேதாகமத்தில் அந்தச் சங்கீதத்தின் எண் 83, தேடும்போது கவனம்.

'எக்சுலேஸ்' என்பதற்குத் தமிழில் 'பரதேசிகள்'. இன்று அதை வசவாக்கிவிட்டோம், எனக்கு அதில் வருத்தமுண்டு. பர தேசம், அந்நிய மண். முதல் பெண் ஏவை ஏதேன் தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டாள், அவள் பிள்ளைகள் நாம் இன்னும் வீடு திரும்பவில்லை. அதைச் சொல்ல எவ்வளவு பொருத்தமான சொல்!

கேட்டவர்:
கண் நிறைந்துவிட்டது, நன்றி. 'மிசெரிகோர்தேஸ்' முடிந்ததும் மூச்சு எடுத்துக்கொண்டிருந்தோம். இனி 'ஓகுலோஸ்' வரை ஒரே மூச்சு. ஒன்று மட்டும்: 'ஆத்வொகாத்தா' வக்கீலா?

பதில் 1:
அதேதான். 'துணைக்கு அழைக்கப்பட்டவள்' என்பது வேர்ப்பொருள், வழக்கில் நமக்காக நின்று பேசுபவள். தமிழில் 'எங்களுக்காக வேண்டி மன்றாடுகிற தாயே' என்றார்கள். லத்தீனில் அந்த இடத்தில் 'தாய்' இல்லை, 'ஆத்வொகாத்தா நோஸ்த்ரா', எங்கள் வக்கீலே, அவ்வளவுதான். தாய் தமிழில் சேர்ந்தது.

கேட்டவர்:
பாட்டி அந்தத் 'தாயே'யில்தான் ஒரு நொடி நிற்பார்.