பாரதி பூங்கா ஆயி மண்டபத்தை ஒரே காலையில் அளந்து வரைய முடியுமா?

வரைபலகை:
ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பதினைந்து பேரைப் புதுச்சேரி பாரதி பூங்காவுக்கு ஓவிய வகுப்புக்கு அழைத்துப் போகிறேன். ஆயி மண்டபம், கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் செஞ்சித் தூண்கள் இரண்டையும் மதியத்துக்குள் முடிக்க வேண்டும். எதில் தொடங்கலாம்? ஏணி இல்லாமல் மண்டபத்தின் உயரத்தை அளக்க முடியுமா? போனில் எடுத்தால் மண்டபம் பின்னால் சாய்வதுபோல் விழுகிறது. அதற்கு என்ன வழி?

உளிச்சத்தம்:
தூண்களில் தொடங்குங்கள், அதுவும் ஏழு மணிக்குள். கடல் பக்கத்திலிருந்து வெயில் சாய்வாக விழும்போதுதான் கருங்கல் புடைப்புச் செதுக்கல் நிழல் பிடித்துத் தெரியும். ஒன்பது மணிக்கு மேல் எல்லாம் தட்டையாகிவிடும். எட்டுத் தூண்களையும் வரையச் சொல்லாதீர்கள், ஆளுக்கு ஒரு தூணில் ஒரு முகம் போதும். தூணின் சதுரப் பகுதி எங்கே பல பட்டை கொண்டதாக மாறுகிறது என்பதை முதலில் குறித்துக்கொண்டு, பிறகு உருவங்களுக்குப் போகட்டும். உருவத்தில் தொடங்கினால் தாளில் தூண் கட்டையாகிவிடும். கல்மேல் தாள் வைத்துத் தேய்த்துப் படியெடுக்க வேண்டாம். மெழுகும் கரியும் கல்லில் ஏறினால் போகாது.

நூல்குண்டு:
உயரத்துக்கு ஒரு மீட்டர் குச்சியும் 30 மீட்டர் டேப்பும் போதும். குச்சியைச் செங்குத்தாக நிறுத்துங்கள். அதன் நிழல் சரியாக ஒரு மீட்டர் ஆகும்போது மண்டப நிழலின் நீளமே மண்டபத்தின் உயரம். புதுச்சேரியில் மார்ச் மாதம் அது ஏறக்குறைய ஒன்பதரைக்கு வரும், டிசம்பரில் பத்தே காலுக்கு. தூண்களை முடித்துவிட்டு நடந்து வர நேரம் சரியாக இருக்கும்.

பலரும் தவறுவது இங்கேதான்: உச்சி இருப்பது மண்டபத்தின் நடுவில், நிழலை அளப்பதோ சுவரிலிருந்து. அதனால் உயரம் குறைந்து வரும். வளைவுக்குள் நுழைந்து தரையின் நடுப்புள்ளியைக் குறித்து, அங்கிருந்து நிழலின் நுனிவரை டேப் பிடியுங்கள். நிழல் நுனி செடிமேல் விழுந்தால் அந்த அளவு உதவாது.

படத்துக்கு: போனை அண்ணாந்து பிடிப்பதால்தான் சாய்கிறது. தூரமாகப் போய், போனை நேராக நிமிர்த்திப் பிடித்து எடுத்து, கீழே மிஞ்சும் தரையை வெட்டிவிடுங்கள். வெள்ளைச் சுவர் வெளிறாமலிருக்க வெளிச்சத்தை ஒரு படி குறைத்து வையுங்கள்.

முத்திரைப்பாளையம்:
ஒரு வேண்டுகோள். ஆயி கட்டிய மண்டபம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள். கிருஷ்ணதேவராயர் காலத்தில் ஆயி என்ற பெண் தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டினாள் என்பது வழிவழியாக வரும் கதை. மண்டபம் அதற்கு மூன்று நூற்றாண்டுகள் பிந்தையது. அந்தக் குளம் இருக்கும் முத்திரைப்பாளையத்திலிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்ததன் நினைவாக, மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் (1852–1870) எழுப்பியது. அதனால்தான் வளைவும் தூணும் கிரேக்க-ரோமானியச் சாயலில் இருக்கின்றன. காலையில் வரைந்த செஞ்சித் தூணின் தாளைப் பக்கத்தில் வைத்து, தூணின் தலைப்பகுதி இரண்டிலும் எப்படி முடிகிறது என்று ஒப்பிடச் சொல்லுங்கள்.