டீச்சர் காதல் கதை எழுதலாமா?

சாமிமலை மழை:
நான் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். ஆசிரிய உதவியாளர் என்று மாதம் 6000 ரூபா கொடுப்பனவில் உள்ளே எடுத்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. அது பிறகு 10000 ஆனபோது எங்களுக்கு எப்படி இருந்தது என்று அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பஸ் காசுக்கே கணக்குப் பார்த்த அந்த நாட்களில்தான் இரவில் போனில் கதை எழுதத் தொடங்கினேன். காதல் கதைதான், வேறு எதுவும் எனக்கு வராது. புனைபெயரில் பிரதிலிபி என்ற கதை ஆப்பில் போடுகிறேன், ஓரளவு வாசகர்கள் இருக்கிறார்கள்.

இப்போது பிரச்சினை என்னவென்றால், எங்கள் ஸ்டாஃப் வட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு அத்தியாயத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் போட்டு "இது நம்ம மிஸ்தானே" என்று கேட்டுவிட்டார்கள். அடுத்த நாள் அதிபர் கூப்பிட்டு, டீச்சராக இருப்பதா கதாசிரியராக இருப்பதா என்று யோசித்துச் சொல்லுங்கள் என்றார். திட்டவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார், அதனால் பதில் சொல்லவும் வாய் வரவில்லை. இரண்டையும் ஒன்றாகக் கொண்டுபோகிறவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? இல்லை, அவர் சொல்வதுதான் சரியா?

பழைய அதிபர்:
மகள், நானும் தோட்டப் பாடசாலையில் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் அதிபர் பக்கம்தான் பேசப்போகிறேன், கோபிக்க வேண்டாம்.

தோட்டத்தில் டீச்சர் என்பவர் பாடம் நடத்திவிட்டு வீட்டுக்குப் போகிற ஆள் இல்லை. அடையாள அட்டைப் படிவம் நிரப்புவது, கொழும்பிலிருந்து வந்த கடிதத்தை வாசித்துக் காட்டுவது, வீட்டுச் சண்டைக்கு நியாயம் சொல்வது எல்லாவற்றுக்கும் அவர் வாசலுக்குத்தான் வருவார்கள். ஒரு தகப்பன் பத்தாம் வகுப்பு மகளை நிறுத்திக் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப் பார்க்கிறார் என்று வையுங்கள். கட்டாயக் கல்வி வயது 2016 இலேயே 16 ஆகிவிட்டது, ஆனால் சட்டம் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் வந்து நிற்காது, டீச்சர்தான் போய் நிற்க வேண்டும். "என்னை நம்பிப் பிள்ளையை அனுப்புங்கள்" என்று நீங்கள் சொல்கிற நேரத்தில் அந்த மனிதரின் போனில் உங்கள் கதையின் கட்டில் காட்சி கிடந்தால் என்ன நடக்கும்? கதையை அவர் வாசிக்கவே மாட்டார், யாரோ சொன்னதை மட்டும் கேட்பார். நட்டம் உங்களுக்கு இல்லை, அந்தப் பிள்ளைக்கு. சேவையில் இருக்கும் வரை வேண்டாம் என்பதுதான் என் கருத்து. எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஓய்வுக்குப் பிறகு போடலாம்.

பத்தனை பட்ச்:
ஓய்வுக்குப் பிறகா! சேர், அறுபது வயதில் காதல் கதை எழுத ஆரம்பிக்கச் சொல்கிறீர்களே.

நான் பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியில் படித்து வெளியே வந்தவன். என் பாடசாலையில் ஒருவர் 1.30 மணி அடித்ததும் பைக்கை எடுத்தால் இரவு வரை டியூசன். தன் வகுப்புப் பிள்ளைகளுக்கே காசு வாங்கிப் படிப்பிக்கிறார், பகலில் வகுப்பில் பாதிதான் சொல்லிக்கொடுப்பார், மீதி பின்னேரம். அவரை யாராவது கூப்பிட்டு "ஆசிரியரா வியாபாரியா, யோசித்துச் சொல்லுங்கள்" என்று கேட்டார்களா? பெற்றோர் கூட்டத்தில் அவருக்குப் பொன்னாடை. ஒரு மிஸ் ராத்திரி தன் வீட்டில் உட்கார்ந்து யாரிடமும் காசு பிடுங்காமல் கதை எழுதினால் மட்டும் ஊருக்கே வெட்கம் வந்துவிடுகிறது. 2022 நவம்பரில் சில டீச்சர்மார் சேலை கட்டாமல் வேறு வசதியான உடையில் வந்ததற்கு நாடே விவாதம் நடத்தியது ஞாபகம் இருக்கிறதா? உடையில் தொடங்கியது இப்போது ராத்திரி என்ன எழுதுகிறாய் என்பது வரைக்கும் வந்திருக்கிறது.

பழைய அதிபர்:
தம்பி, டியூசன்காரரையும் நான் விட்டதில்லை. ஒரு தப்பு நடக்கிறது என்பதற்காக இன்னொன்று சரியாகிவிடாது.

பத்தனை பட்ச்:
எது தப்பு என்றுதானே சேர் கேட்கிறோம்.

தேயிலைத்தூள்:
இரண்டு பக்கமும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். காதல் கதை எழுதலாம், யார் வேண்டுமானாலும் எழுதலாம். எந்த மாதிரிக் காதல் என்பதுதான் என் கேள்வி.

இந்த ஆப்களில் வருகிற கதைகளை நான் நிறைய வாசிக்கிறேன் (என் மனைவியின் போனில்தான், அதை விடுங்கள்). பாதிக் கதைகளில் கதாநாயகன் ஊட்டியிலோ கொடைக்கானலிலோ எஸ்டேட் வைத்திருக்கிற கோபக்காரன். பங்களா, ஜீப், கதாநாயகிக்கு ஒரு அறை, பிறகு கட்டாயத் தாலி, முப்பதாவது அத்தியாயத்தில் அவளுக்கு அவன்மேல் காதல். கடல் தாண்டி இருந்து வாசிக்கிறவர்களுக்கு அது கனவாக இருக்கலாம். இங்கே துரை பங்களாவுக்கு வரச் சொல்கிறார் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் பாட்டிமாருக்குத் தெரியும், அவர்கள் அதைக் காதல் என்று சொல்லவில்லை. அந்தக் கதையை அப்படியே தூக்கி நுவரெலியாப் பனியில் வைத்து, கிரெகரி வாவியில் ஒரு படகுச் சவாரியையும் சேர்த்து, எழுதியவர் ஒரு டீச்சர் என்றால் எனக்கு ஒத்துக்கொள்ளவே முடியாது. வகுப்பில் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு "வேண்டாம் என்றால் வேண்டாம்தான்" என்று சொல்லிக்கொடுக்க வேண்டியவரும் அவர்தானே. கட்டில் காட்சியைவிட அந்த அறைதான் எனக்குப் பிரச்சினை.

சாமிமலை மழை:
அண்ணே, என் கதையை வாசிக்காமலே தீர்ப்புச் சொல்கிறீர்களே. என் கதாநாயகன் கொழுந்து லொறி ஓட்டுகிறவன், நாயகி தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறாள். யாரும் யாரையும் அடிக்கவில்லை. சண்டை என்றால் அவன் வாங்கிய லீசிங் கடனைப் பற்றித்தான் சண்டை. போன மாதம் ஒரு வாசகி, "ஹீரோவுக்குச் சொந்தமா ஒரு பங்களாவாவது குடுங்க சிஸ்" என்று எழுதியிருந்தார். கொடுக்கவில்லை, அதனால் வாசிப்பு எண்ணிக்கை குறைந்தது, பரவாயில்லை.

அதிபர் சேர், நீங்கள் சொன்ன அந்தத் தகப்பனைப் பற்றி நான் யோசிக்காமல் இல்லை. அப்படி வாசலில் போய் நின்றிருக்கிறேன். ஆனால் நான் எழுதாமல் விட்டால் மட்டும் என்னைப் பற்றிப் பேச ஊருக்கு வேறு விஷயம் கிடைக்காதா? கல்யாணம் ஆகாத டீச்சர் என்பதே போதும்.

தேயிலைத்தூள்:
லீசிங் கடனை வைத்துக் காதல் சண்டை என்றால் நான் வாசிக்கிறேன். பெயரை இங்கே போடாதீர்கள், தனிச் செய்தியில் அனுப்புங்கள்.

ராகலை ராத்திரி:
எல்லோரும் ஒழுக்கம் பேசுகிறீர்கள், நேரத்தைப் பற்றி ஒருவராவது பேசினீர்களா? நானும் டீச்சர்தான், உயர்தர வகுப்பு. எனக்கு இதில் ஒழுக்கப் பிரச்சினை எதுவும் தெரியவில்லை, ஆனாலும் நான் எதிர்ப்பக்கம்தான். கதை எழுதுவதை நான் எதிர்க்கவில்லை, தினமும் ஒரு அத்தியாயம் போடுவதை எதிர்க்கிறேன்.

7.30க்குப் பாடசாலை என்றால் எங்களில் பலர் விடியற்காலையே பஸ் ஹோல்டில் நிற்கிறோம். பாடக்குறிப்பு எழுத வேண்டும், பாடசாலை மட்டக் கணிப்பீட்டுப் புள்ளி போட வேண்டும், கட்டுரைக் கொப்பிகள் கட்டுக்கட்டாக வீட்டுக்கு வரும். தமிழ் டீச்சருக்குத்தான் கொப்பி அதிகம், கணக்குப் பாடம் மாதிரி சரி பிழை போட்டுவிட்டு விட முடியாது. இதற்கு மேல் ஒவ்வொரு இரவும் ஒரு அத்தியாயம், அதற்கு வந்த கருத்துகளுக்குப் பதில், நாளைய அத்தியாயத்துக்கு முன்னோட்டம். என் பக்கத்து மேசையில் ஒருவர் இப்படித்தான் எழுதினார். முதலாம் பாடத்தில் கொட்டாவி, மூன்றாம் பாடத்தில் மேசைக்கு அடியில் போன். திருத்தாத கொப்பியைப் பிள்ளைகளே அலுமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். அவர் கதைக்கு ஆயிரக்கணக்கில் வாசகர்கள், அவர் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைக்கு ஒரு வாசகர்கூட இல்லை.

மிஸ், எழுதுங்கள். ஆனால் தவணை நடக்கும்போது தொடர் போடாதீர்கள். ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் விடுமுறைகளில் முழுக் கதையையும் எழுதி முடித்து வைத்துக்கொண்டு, பிறகு வாரம் ஒன்றாக வெளியிடுங்கள். வாசகர்கள் குறைவார்கள், குறையட்டும்.

சாமிமலை மழை:
இதுதான் நான் கேட்க வந்த பதில், நன்றி. ஆனால் ஒன்று. தினமும் போடாவிட்டால் அந்த ஆப் நம்மை யாருக்கும் காட்டாது, வாரம் ஒன்று போடுகிறவர்கள் கதை அடியில் போய்விடும். விடுமுறையில் எழுதுவது என்பதும் பேச்சுக்குத்தான் சுலபம். ஏப்ரலில் புதுவருடம், வீட்டு வேலை, டிசம்பரில் பரீட்சைக் கடமை வந்தால் அதுவும் போச்சு. ஓகஸ்ட்தான் உருப்படியாகக் கிடைக்கிறது.

பத்தனை பட்ச்:
இன்னொரு கேள்வி அதிபர் சேருக்கு. மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் ஆசிரியராக இருந்தபோது எழுதத் தொடங்கியவர், வேலை பார்த்த தோட்டத்தின் பெயரையே தன் பெயரோடு வைத்துக்கொண்டார். அவருக்கு ஒரு நியாயம், இந்த மிஸ்ஸுக்கு ஒரு நியாயமா?

பழைய அதிபர்:
அவர் எழுதியது இந்த மக்களின் வாழ்க்கையை. காதலை வைத்து ஆள் பிடிக்க எழுதவில்லை. அவரை இதற்குள் இழுப்பதே பிழை.

குறுந்தொகையையும் யாராவது இழுக்கப்போகிறீர்கள் என்று தெரியும், 401 பாட்டும் காதல்தானே என்று. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அதை வகுப்பில் நடத்தியவன் நான். படிப்பிக்கிறவர் வேறு, எழுதியவர் வேறு.

லயத்துப்பிள்ளை:
அதிபர் சேர், "இந்த மக்களின் வாழ்க்கை" என்கிறீர்களே, அந்த மக்களில் ஒருவர் என் அம்மா. கொழுந்து எடுக்கிறவர், எட்டாம் வகுப்போடு நின்றவர். பின்னேரம் வந்து காலுக்குச் சித்தாலேப வலி மருந்து பூசிக்கொண்டு என் போனை வாங்கி இந்த மாதிரிக் கதைகளைத்தான் வாசிப்பார். மலையக இலக்கியம் என்று பெயர் வாங்கிய புத்தகங்களைப் பல்கலைக்கழக நூலகத்திலிருந்து எடுத்துக்கொண்டுவந்து கொடுத்தேன். நாலு பக்கம் புரட்டிவிட்டு, "அட்டைக்கடி, ஒழுகுற கூரை, சாகுற புள்ள, இதெல்லாம் எனக்குத் தெரியாததா, வேற இருக்கா" என்று கேட்டார். அந்தப் புத்தகங்களை நான் குறைவாகச் சொல்லவில்லை, எனக்கு அவை வேண்டும். அவை அம்மாவுக்காக எழுதப்படவில்லை, அம்மாவைப் பற்றி மற்றவர்களுக்காக எழுதப்பட்டவை. அம்மாவுக்கென்று எழுத ஆள் இல்லாததால்தான் கொடைக்கானல் முதலாளியை வாசித்துக்கொண்டிருக்கிறார். லொறி ஓட்டுகிறவன் கதாநாயகன் என்றால் அம்மா ஒரே இரவில் முடித்துவிடுவார். அப்பா லொறி ஓட்டியவர்தான்.

அப்புறம், எழுபதுகளில் வீரகேசரி பிரசுர நாவல்கள் வந்தபோது வாசித்தவர்கள் எல்லாம் யார் சேர்? மித்திரன் வாரமலரை யார் வாங்கினார்கள்? உங்கள் தலைமுறைதானே.

பழைய அதிபர்:
வாசித்தேன். மித்திரனையும் வாசித்தேன், வீட்டுக்குத் தெரியாமல். ஆனால் என் வகுப்பு டீச்சர் அதில் எழுதியிருந்தால் அடுத்த நாள் அவர் முகத்தைப் பார்த்துப் பாடம் கேட்டிருக்க மாட்டேன், பின் வரிசை வாங்கில் இருந்த பையன்கள் அவரைப் பாடம் நடத்த விட்டிருக்கவும் மாட்டார்கள். இதை நீங்கள் யாரும் யோசிக்கவில்லை. அம்மா வாசிக்கட்டும், நல்லது. அந்த அம்மாவின் பதினாறு வயது மகனும் அதே போனைத்தான் எடுப்பான்.

தேயிலைத்தூள்:
இந்த இடத்தில் சேர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. பையன்களுக்குத் தெரிந்தால் ஒரு வருடம் வகுப்பு நடத்த முடியாது. அதற்குத்தான் புனைபெயர்.

சட்டப்புத்தகம்:
ஒழுக்கம், இலக்கியம் எல்லாம் நீங்கள் பேசி முடியுங்கள், காகித விஷயத்தை நான் சொல்கிறேன். அரச வேலைக்கான விதிகளின் தொகுப்பான தாபன விதிக்கோவையின் 47ஆம் அத்தியாயம் அரச ஊழியரின் நடத்தை, ஒழுக்கம் பற்றியது. ஊடகங்களுக்குத் தகவல் கொடுப்பது, அரசைப் பற்றிக் கருத்துச் சொல்வது எல்லாம் அதில்தான் வருகிறது. 2022 செப்டம்பரில் பொது நிர்வாக அமைச்சு சமூக ஊடகப் பதிவுகளையும் அதற்குள் வைத்துச் சுற்றறிக்கை அனுப்பியது. காதல் கதை அரசை விமர்சிப்பது ஆகாது. ஆனால் கதையிலிருந்து காசு வருகிறது என்றால் எழுத்தில் அனுமதி கேட்டு வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு, நாளைக்கு யாராவது பெட்டிஷன் போட்டால் கையில் ஒரு கடிதம் இருக்கும். பெட்டிஷன் போடுவார்கள், நம் ஆட்கள் அதில் கெட்டிக்காரர்கள்.

புனைபெயரில் எழுதினாலும் உரிமை எழுதியவருக்குத்தான், 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் புனைபெயர்ப் படைப்புகளையும் பாதுகாக்கிறது. ஆகவே மூல வரைவுகளைத் திகதியோடு சேமித்து வையுங்கள். பாடசாலைக் கணினி, பாடசாலை வைஃபை, பாடசாலை நேரம் இந்த மூன்றும் கதைக்குப் பக்கத்திலேயே வரக்கூடாது. உங்கள் வகுப்புப் பிள்ளை ஒன்றின் வீட்டுக் கதை கொஞ்சம் மாற்றிக்கூட உள்ளே வரக்கூடாது.

சாமிமலை மழை:
கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம் அண்ணே. அந்த லொறிக்காரன் கதை எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள். பிள்ளைகளின் கதை இல்லை, ஆனால் ஊர்க்கதைதான்.

சரி, நான் முடிவெடுத்ததைச் சொல்கிறேன். ஓடிக்கொண்டிருக்கிற தொடரை முடித்துவிடுகிறேன், வாசகர்களை நடுவில் விட முடியாது. அதற்குப் பிறகு தவணைக்குள் தொடர் இல்லை, ஓகஸ்டில் எழுதுவதுதான். நிறுத்தச் சொன்னால் நிறுத்த மாட்டேன். அனுமதிக் கடிதத்தை யாருக்கு எழுத வேண்டும்?

சட்டப்புத்தகம்:
வலயக் கல்விப் பணிப்பாளருக்கு, "அதிபர் ஊடாக" என்று போட்டு. பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

பத்தனை பட்ச்:
அதிபர் ஊடாகவா! அப்படியென்றால் அவர் மேசை லாச்சியிலேயே கிடக்கும்.

பழைய அதிபர்:
கிடக்காது. நான் அந்த நாற்காலியில் இருந்தால் சிபாரிசு செய்கிறேன் என்று எழுத மாட்டேன், மேலதிகாரியின் தீர்மானத்துக்கு என்று எழுதி அன்றைக்கே அனுப்பிவிடுவேன். மகள், கடிதத்தில் காதல் என்ற சொல்லைப் போட வேண்டாம், புனைகதை என்று போடுங்கள்.

சாமிமலை மழை:
காதல் என்றே போடுகிறேன் சேர். பிறகு ஒளித்தேன் என்று சொல்லக்கூடாது.