அம்மா தனியாக அமெரிக்கா வருகிறார், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வைகைக்கரை: அம்மாவுக்கு 64 வயது. சென்னையிலிருந்து துபாய் வழியாக சான் பிரான்சிஸ்கோ, முதல் விமானப் பயணமே இதுதான். ஆங்கிலம் வராது, மூட்டுவலி வேறு. துபாயில் எப்படி மாறுவார் என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் வரவில்லை.

நெல்லைக்காரன்: டிக்கெட்டிலேயே வீல்சேர் கேட்டுவிடுங்கள், தனிக் கட்டணம் கிடையாது. அடுத்த விமானத்தின் வாசல் வரை கூட்டிப்போய் விடுவார்கள். சைவ உணவையும் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.

குமரி: கைப்பையில் ஊறுகாய் வேண்டாம். 100 மில்லிக்கு மேல் திரவம் விடமாட்டார்கள். என் அம்மா எனக்காகவே போட்ட மாவடு, துணி சுற்றிக் கட்டிய பாட்டிலோடு பாதுகாப்புச் சோதனையிலேயே போய்விட்டது. போனில் அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது இன்னும் காதில் இருக்கிறது. பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள்.

நெல்லைக்காரன்: அப்புறம், ஜன்னல் இருக்கை கிடைத்தால் எடுங்கள். துபாயிலிருந்து 16 மணி நேரம் அலுப்புதான், கால் வீங்கும், அவ்வப்போது எழுந்து நடக்கட்டும். ஆனால் நான் போனபோது துருவப் பக்கம் திரையைத் தூக்கினேன், கீழே பனி முழுக்க கோடையில் வெடித்த குளத்தரை மாதிரி! அம்மா அதைப் பார்க்கணும்.

வைகைக்கரை: ரொம்ப நன்றி. இன்றே வீல்சேருக்குச் சொல்லிவிடுகிறேன்.