பழைய பேஸ்மேக்கர் லீடு உள்ளேயே கிடக்கு, பெட்டி மேல கசிவு

கண்டனூர் நர்ஸ்:
72 வயசு ஆச்சி. பேஸ்மேக்கர் வச்சு 11 வருஷம். இதயத்தோட கீழறைக்குப் போற லீடு (பெட்டியையும் இதயத்தையும் இணைக்கிற கம்பி) உடைஞ்சதால 3 வருஷம் முன்னாடி புதுசு போட்டு, பழசோட முனையை மூடி உள்ளேயே விட்டிருக்காங்க. இப்ப பெட்டி மேல தோல் சிவந்து, ஓரத்துல கடுகளவு ஓட்டை, நீர் கசியுது. காய்ச்சல் இல்லை. வீட்டுல மஞ்சப் பத்தும் ஒத்தடமும். 5 நாள் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்க்கலாமா?

கேத்லேப் காளையார்கோவில்:
வேண்டாம்க்கா. பத்தையும் ஒத்தடத்தையும் இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க. தோல் திறந்துட்டா பெட்டி, லீடு மொத்தத்துலயும் கிருமின்னுதான் கணக்கு, காய்ச்சல் இல்லாட்டியும். கிருமி லீடு மேல படலமா ஒட்டிக்கும், மருந்து அதை முழுசா அழிக்காது. மாத்திரையில சிவப்பு அடங்கும், நிறுத்தினதும் திரும்பும். வீக்கத்துல ஊசி குத்தி உறிஞ்சவும் கூடாது.

முதல்ல பிளட் கல்ச்சர் (ரத்தத்துல கிருமி வளருதான்னு பார்க்குற டெஸ்ட்): வேற வேற இடத்துல குத்தி குறைஞ்சது 2 செட், பாட்டிலுக்கு 8–10 மில்லி. மருந்து முந்திக்கிட்டா கல்ச்சர்ல ஒண்ணும் வளராமப் போகலாம். குளிர் நடுக்கம், பிரஷர் இறக்கம் வந்தா மட்டும் காத்திருக்காம உடனே அனுப்புங்க.

தேவகோட்டை டாக்டர்:
சரியாச் சொன்னீங்க. கிருமி இல்லேன்னா, இந்த வயசுல மூடி வச்ச லீடை அப்படியே விடுறதுல தப்பில்லை. கிருமி வந்துட்டா பழசு, புதுசு எல்லாமே வெளிய வரணும். ஒரு துண்டு தங்கினாலும் மறுபடி கிளம்பலாம்.

போட்டு ஒரு வருஷத்துக்குள்ளன்னா பெரும்பாலும் இழுத்தாலே வந்துடும். 11 வருஷ லீடு ரத்தக்குழாய்ச் சுவரோட நார் கட்டி ஒட்டியிருக்கும். லேசர் உறையையோ சுழலும் உறையையோ லீடு மேலேயே செலுத்தி, அங்குலம் அங்குலமாப் பிரிக்கணும். மேல் பெருஞ்சிரை (லீடு இதயத்துக்குள்ள போற பெரிய ரத்தக்குழாய்) கிழிஞ்சா சில நிமிஷம்தான் கையில இருக்கும். அதனால மதுரையோ திருச்சியோ, போன்ல ரெண்டு கேள்வி கேட்டுட்டு அனுப்புங்க: லீடு எக்ஸ்ட்ராக்‌ஷன் (லீடை வெளிய எடுக்குறது) வழக்கமாப் பண்றீங்களா? நெஞ்சைத் திறக்குற சர்ஜன் அந்த நேரம் பக்கத்துல இருப்பாரா? பேஸ்மேக்கர் வைக்கிற எல்லா இடத்துலயும் இது நடக்காது.

ஆச்சியோட இதயம் தானாத் துடிக்குமான்னும் பார்க்கச் சொல்லுங்க. துடிக்காதுன்னா இடைக்காலத்துக்குக் கழுத்து வழியா தற்காலிக லீடு வேணும். புதுப் பெட்டி, கல்ச்சர் சுத்தமான பிறகு, இப்ப இருக்கிறதுக்கு எதிர்ப்பக்கம்.

கண்டனூர் நர்ஸ்:
எக்ஸ்ரேல மூணு கம்பி தெரியுது, ரெண்டுதான் பெட்டிக்குள்ள போகுது. பேஸ்மேக்கர் அட்டை தொலைஞ்சு போச்சாம்.

கேத்லேப் காளையார்கோவில்:
அந்த மூணாவதுதான் பழசு. எக்ஸ்ரேயை பெரிசு பண்ணிப் பாருங்க, பெட்டி மேல கம்பெனிக் குறி எழுத்து தெரியும். அதை வச்சு மாடலைப் பிடிச்சுடலாம். பக்கவாட்டு எக்ஸ்ரே ஒண்ணும், ரத்தம் உறையாம இருக்க சாப்பிடுற மாத்திரைச் சீட்டும் சேர்த்துக் கொடுத்தனுப்புங்க.