வெளுத்த சிவப்போடு புதுச் சிவப்பு சேராத கதை

அப்பாவின் கார் 2008 மாடல். சிவப்பு, மெட்டாலிக் கிடையாது. வேளச்சேரியில் எங்கள் குடியிருப்பில் கூரை போட்ட பார்க்கிங் கிடைக்காததால் வருடக்கணக்கில் வெயிலிலேயே நின்ற வண்டி. போன வருடம் ஒரு தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது டிரைவர் பக்க முன்கதவை நசுக்கிவிட்டது.

பக்கத்திலேயே ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். டிங்கரிங் அருமை. பட்டி பார்த்த இடம் கையால் தடவினாலும் தெரியவில்லை. இருட்டிய பிறகு டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வண்டியை எடுத்து வந்தோம். மறுநாள் காலை பத்து மணிக்கு அப்பா பால்கனியில் நின்று, "என்னடா, வேற வண்டிக் கதவ மாட்டிட்டாங்களா?" என்றார். கதவு மட்டும் ரத்தச் சிவப்பு. முன்சக்கரத்துக்கு மேலே உள்ள பென்டர் தகடும் பின்கதவும் வெளுத்துப் போய்ச் செங்கல் நிறத்தில் இருந்தன. வீட்டுக்குள் கோணலாக மாட்டிய படம் மாதிரி, ஒரு தடவை கண்ணில் பட்டபின் அதைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

திரும்பப் போய்க் கேட்டேன். கலர் கோடு (Code, அந்த நிறத்துக்குக் கம்பெனி கொடுத்த குறியீடு) பார்த்து மெஷினில் மிக்ஸ் செய்த பெயிண்ட்தான் என்று டப்பாவையே காட்டினார்கள். பொய்யில்லை. ஆனால் கோடு சொல்வது வண்டி ஃபேக்டரியை விட்டு வந்த அன்றைய நிறம். எங்கள் வண்டி அந்த நிறத்தை எப்போதோ விட்டுவிட்டது.

அப்புறம் நண்பர் ஒருவர் சொல்லி, புதுப்பேட்டைப் பக்கம் ஒரு வயதான பெயிண்டரிடம் போனேன். அவர் பெயிண்ட் அடிக்கும் ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுக்கவே இல்லை. மேல்பரப்பைத் தேய்த்தெடுக்கும் பசையான ரப்பிங் கம்பவுண்டைத் தொட்டு, பென்டரில் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்த்தார். துணி சிவப்பாகிவிட்டது. "பாருங்க தம்பி, மேல நிறமில்லாம பூசுற கிளியர் கோட்டே கிடையாது. கலர்தான் நேரா வெயில்ல வெந்திருக்கு. செத்த தோல எடுத்துட்டுத்தான் கலரப் பாக்கணும்" என்றார். அந்தப் பக்கம் முழுக்கக் கம்பவுண்ட் போட்டதிலேயே பாதி வித்தியாசம் போய்விட்டது.

பிறகுதான் கலர். கோடு படி கலந்த சிவப்பில் குச்சி நுனியால் கொஞ்சம் வெள்ளை, கொஞ்சம் மஞ்சள். ஒரு தகரத்துண்டில் அடிப்பார், நன்றாகக் காயவிடுவார், பென்டரோடு ஒட்டிவைத்து முதலில் வெயிலில், அப்புறம் நிழலில் பார்ப்பார். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம் என்பதால் அவசரப்படவே இல்லை. நாலு துண்டு வீணானது. ஐந்தாவதைப் பென்டர்மேல் வைத்ததும் தகரம் எங்கே முடிகிறது என்று தேட வேண்டியிருந்தது! கதவுக்கு முழுக்க அடித்து, பென்டரிலும் பின்கதவிலும் ஓரத்திலிருந்து உள்ளே போகப் போகக் கலரை மெலிதாக்கிக் கரைத்துவிட்டார். புதுசும் பழசும் சேரும் இடம் கண்ணுக்கு அகப்படாமல் போனது அதனால்தான்.

இன்சூரன்ஸில் கதவுக்கு மட்டும்தான் பாஸ் ஆனது. பக்கத்துப் பேனல்கள் அடிபடவில்லையே என்றார்கள். தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் பாலிசி இல்லாததால் பெயிண்ட் பொருளுக்குப் பாதிதான் வந்தது. மீதி என் கைக்காசு. கொடுத்ததற்கு வருத்தமில்லை.

—

தூத்துக்குடியிலிருந்து ஒரு பதில்:

சிவப்பாவது பரவாயில்லை அண்ணா, என்னுடையது சில்வர். நேராகப் பார்த்தால் ஒட்டியது, பக்கவாட்டில் பார்த்தால் கதவு கறுத்தது. பெயிண்டுக்குள்ளே இருக்கிற அலுமினியத் துகள்கள் எப்படிப் படுகின்றன என்பதில்தான் விஷயம். கன்னைக் கிட்டே பிடித்து ஈரமாக அடித்தால் நிறம் அடர்த்தியாகிவிடும், தள்ளிப் பிடித்து உலர்வாக அடித்தால் வெளிறும். டப்பா ஒன்றுதான், கை வேறு. இரண்டாவது தடவை போன இடத்தில் ஒரு கருவியைப் பேனலில் வைத்துப் பல கோணங்களில் நிறத்தை அளந்தார்கள். ஒரே கோடுக்குள்ளேயே கொஞ்சம் மஞ்சளாக, கொஞ்சம் நீலமாகப் பல ஃபார்முலாக்கள் உண்டாம், அதில் நெருக்கமானதை அது எடுத்துக்கொடுத்தது. அப்படியும் அட்டையில் அடித்துப் பார்க்காமல் வண்டியில் அடிக்கவில்லை. உங்கள் வண்டி இப்போது எப்படி இருக்கிறது?

—

எட்டு மாதம் ஆகிறது தம்பி, இதுவரை தெரியவில்லை. ஆனால் புதுப் பெயிண்டும் பழையதும் ஒரே வேகத்தில் வெளுக்காது என்று அந்தப் பெயிண்டரே எச்சரித்தார். அதனால் கவர் வாங்கிவிட்டேன், வாக்ஸும் போடுகிறேன். மிஞ்சிய கலரை, பெயிண்டை இறுக வைக்கும் ஹார்ட்னர் சேர்க்காமல், ஒரு சின்ன டப்பாவில் அடைத்துக் கொடுத்தார். கோடு சொல்லிக் கேட்டால் எந்தக் கடையிலும் அது கிடைக்காது. மேலே தேதி எழுதி, வெயில் படாத அலமாரியில் வைத்திருக்கிறேன்.